நல்ல தண்ணீருக்கு மதிப்பெண் போடுவது யார்?

ஒரு மடக்கை வாயில் வாங்கி, நாக்கில் உருட்டி, கூடவே கொஞ்சம் காற்றையும் உறிஞ்சி, பிறகு துப்பிவிட்டு நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் எழுதுவது ஒயின் உலகில் ஒரு தொழில். பிரான்சின் போர்தோ பகுதியில் 1855ஆம் ஆண்டே தரகர்கள் ஒயின் தோட்டங்களை ஐந்து படிகளாகப் பிரித்துவிட்டார்கள். அன்றைய விலையை வைத்துப் போட்ட அந்தப் பட்டியல் ஏறக்குறைய அப்படியே இன்றும் நிற்கிறது. 1978இல் ராபர்ட் பார்க்கர் என்ற அமெரிக்க வழக்கறிஞர் ஒரு செய்தி மடல் தொடங்கி, பள்ளிக்கூடத் தேர்வைப் போல நூற்றுக்கு மதிப்பெண் போட ஆரம்பித்தார். அவர் தொண்ணூறுக்கு மேல் போட்டால் விலை ஏறும், எண்பதுக்குக் கீழே போட்டால் சரக்கு தேங்கும் என்ற நிலை வந்தது. நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நம் ஊரில் ஒயின் என்பது ‘ஒயின் ஷாப்’ என்ற பேச்சு வழக்கோடு முடிந்துவிடுகிறது. ஆனால் நாக்கில் வைத்துப் பார்த்து, ஊர்ப்பெயர் சொல்லி, தரம் பிரிக்கும் பழக்கம் நமக்கும் உண்டு. நாம் அதைச் செய்வது தண்ணீருக்கு. சிறுவாணித் தண்ணீர் உலகிலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று கோவையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முதலாவது எது, குடித்துப் பார்த்து வரிசைப்படுத்தியவர் யார், எந்த ஆண்டில் என்று கேட்டால் பதில் வராது. சுவையாக இருக்கிறது, அது போதும் என்பதே நமது தீர்ப்பு. இந்தத் தீர்ப்பு முறை திருவள்ளூர் மாவட்டத்தில் என்ன செய்துவைத்திருக்கிறது என்பதைப் பேசியாக வேண்டும்.

திராட்சைக்குப் போர்தோ என்றால், சென்னையின் தண்ணீருக்குத் திருவள்ளூர். கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944இல் கட்டி, அதற்காகப் பாடுபட்ட மேயர் சத்தியமூர்த்தியின் பெயர் சூட்டிய பூண்டி நீர்த்தேக்கம் இங்கே இருக்கிறது. புழல், சோழவரம் ஏரிகள் இங்கே இருக்கின்றன. ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து வரும் கிருஷ்ணா நீர் ஊத்துக்கோட்டை அருகே தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைந்து பூண்டியில் சேர்கிறது. கும்மிடிப்பூண்டி வட்டத்தில் கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் 2020இல் அரை டி.எம்.சி. கொள்ளளவோடு திறக்கப்பட்டது. காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இலிருந்து இயங்குகிறது. அதன் திறன் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர். தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, கன்னிகைப்பேர், மீஞ்சூர் கிணற்று வயல்கள் பல பத்தாண்டுகளாக நகரத்துக்கு நீர் கொடுத்து வருகின்றன. ஏரிகள் வறண்ட 2019 கோடையில் இந்த மாவட்டத்து விவசாயக் கிணறுகளையே வாடகைக்கு எடுத்து நகரத்துக்குத் தண்ணீர் அனுப்பினார்கள். இத்தனை இருந்தும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள தொழிலாளர் குடியிருப்புகளில் குடிக்க என்று வாங்குவது இருபது லிட்டர் கேன். ‘போர் தண்ணி’ புழங்க, ‘பஞ்சாயத்துத் தண்ணி’ சமைக்க, ‘கேன் தண்ணி’ குடிக்க என்று ஒரே வீட்டுக்குள் மூன்று தரம். இந்தப் படிநிலையை உண்டாக்கியது எந்த ஆய்வக அறிக்கையும் இல்லை. நாக்கு வைத்த சட்டம் இது.

அந்த நாக்கை எவ்வளவு நம்பலாம் என்பதை ஒயின்காரர்களே தங்கள் மேல் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1976 மே மாதம் பாரிஸில் பெயர்ச்சீட்டை மறைத்து ஒரு போட்டி நடந்தது. பிரெஞ்சு நடுவர்களே முதலிடம் கொடுத்த சிவப்பு ஒயினும் வெள்ளை ஒயினும் கலிபோர்னியாவில் தயாரானவை என்று பிறகு தெரிந்தபோது அவர்களுக்கே அதிர்ச்சி. 2001இல் வெளியான ஓர் ஆய்வில், போர்தோவில் ஒயின் கலை படித்த 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாலேயே அவர்கள் அதை வருணித்தார்கள். கண் சொன்னதை நாக்கு ஒப்பித்தது. ராபர்ட் ஹாட்சன் என்பவர் கலிபோர்னிய ஒயின் போட்டி ஒன்றில், ஒரே பாட்டிலின் ஒயினை நடுவர்களுக்குத் தெரியாமல் மூன்று முறை கொடுத்து 2008இல் முடிவை வெளியிட்டார். தன் மதிப்பெண்ணுக்குத் தானே கட்டுப்பட்டவர்கள் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் தேறினார்கள். தண்ணீருக்கும் இதே கதைதான். லண்டனின் ‘டிகான்டர்’ ஒயின் இதழ் 2007இல் ஒயின் நிபுணர்களை வைத்து 24 வகைத் தண்ணீரைப் பெயர் மறைத்துச் சுவைக்கச் செய்தது. பல மடங்கு விலையுள்ள பாட்டில் தண்ணீரை எல்லாம் தாண்டி மூன்றாம் இடத்தில் வந்து நின்றது லண்டன் குழாய்த் தண்ணீர்! பெயர் தெரிந்து குடித்திருந்தால் அதற்கு அந்த இடம் கிடைத்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

ஒயினில் நாக்கு தவறினால் பணம் போகும், அவ்வளவுதான். தண்ணீரில் நாக்கு தவறினால் உடம்பு போகும். நாக்குக்கு உப்பு தெரியும், சவர்ப்பு தெரியும், இரும்புத் துரு தெரியும், குளோரின் வாடை தெரியும். ஈயம் தெரியாது. ஆர்செனிக் தெரியாது. நைட்ரேட்டும் புளோரைடும் குடிநீரில் வரும் அளவுகளில் தெரியாது. சாக்கடை கலந்ததால் வரும் கிருமிகள் லட்சக்கணக்கில் இருந்தாலும் தெளிந்த தண்ணீர் தித்திப்பாகவே இருக்கும். இன்னும் மோசம், நாக்கு தலைகீழாகவும் தீர்ப்பு எழுதும். கிருமி இல்லை என்பதற்கு நம்மிடம் உள்ள எளிய உத்தரவாதம், குழாயின் கடைசி முனையிலும் கொஞ்சம் குளோரின் மிஞ்சியிருப்பது. லிட்டருக்கு 0.2 மில்லி கிராமாவது இருக்க வேண்டும் என்பது விதி. அந்த அளவைச் சற்றுத் தாண்டினாலே மருந்து வாடை அடிக்கிறது என்று குடத்தைக் கவிழ்த்துவிட்டு, குளோரினே இல்லாத கேனைத் திறக்கிறோம். அதாவது பாதுகாப்பின் அடையாளத்துக்குக் குறைந்த மதிப்பெண். பாதுகாப்பு இருக்கிறதா என்று தெரியாத ஒன்றுக்குக் கூடுதல் மதிப்பெண். கும்மிடிப்பூண்டி போல இரும்பு, எஃகு, இரசாயன ஆலைகள் அடுத்தடுத்து நிற்கும் இடத்தில் தண்ணீரில் முதலில் தேட வேண்டியவை ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற உலோகங்கள். குடித்துப் பார்த்து இவற்றைக் கண்டுபிடிக்க எந்த நிபுணராலும் ஆகாது.

நாக்கை நம்பாதவர்கள் கருவியை நம்புகிறார்கள். பேனா அளவில் இருக்கும் டி.டி.எஸ். மீட்டர் இன்று தண்ணீர் வியாபாரத்தின் பார்க்கர் ஆகிவிட்டது. அதைத் தம்ளரில் முக்கினால் ஓர் எண் வருகிறது. எண் சின்னதாக இருந்தால் தண்ணீர் சுத்தம், பெரிதாக இருந்தால் விஷம் என்று விற்பவரும் சொல்கிறார், வாங்குபவரும் நம்புகிறார். மீட்டர் உண்மையில் பார்ப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை. எலும்புக்கு வேண்டிய கால்சியத்தையும் மூளையைக் கெடுக்கும் ஈயத்தையும் அது ஒரே கணக்கில் எழுதும்; கிருமியைக் கணக்கிலேயே சேர்க்காது. வீட்டு வாசலில் இன்னொரு வித்தையும் நடக்கும். இரண்டு தம்ளர்: ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் ஆர்.ஓ. தண்ணீர். உலோகக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி மின்சாரம் கொடுத்தால், கொஞ்ச நேரத்தில் குழாய்த் தண்ணீர் பழுப்பும் பச்சையுமாகக் கலங்கி, மேலே அழுக்கு நுரை கட்டும். ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே இருக்கும். பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், ஒப்பந்தம் கையெழுத்தாகும். அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை, கருவியின் இரும்புக் கம்பி கரைந்து உண்டான துரு. உப்புகள் இருக்கும் நீரில் மின்சாரம் பாயும், கம்பி கரையும். உப்பே இல்லாத நீரில் பாயாது, கரையாது. அதே ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டுச் செய்து காட்டச் சொன்னால் அதுவும் கலங்கும். வெள்ளை ஒயினில் சாயம் கலந்த அந்தச் சோதனைதான் இங்கேயும் நடக்கிறது. அங்கே மயக்கத்தை அம்பலப்படுத்தச் செய்தார்கள், இங்கே மயக்குவதற்கே செய்கிறார்கள்.

டி.டி.எஸ். எண்ணின் பூர்விகத்தைப் பார்த்தால் இந்த நம்பிக்கையின் முரண் இன்னும் தெளிவாகும். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 300 மில்லி கிராமுக்குக் கீழே இருந்தால் மிக நன்று, 600 வரை நன்று, 900 வரை பரவாயில்லை, 1,200க்கு மேல் ஏற்க முடியாதது என்று உலக சுகாதார நிறுவனம் ஒரு வரிசை சொல்கிறது. இது நச்சு அளவு ஆராய்ந்து போட்ட வரிசை அன்று. ஆட்களைக் குடிக்க வைத்து, சுவை எப்படி என்று கேட்டுப் போட்டது. உப்பு அடியோடு இல்லாத தண்ணீர் சப்பென்று இருப்பதால் அதுவும் பிடிக்காது என்று அதே நிறுவனம் சேர்த்துச் சொல்கிறது. இந்திய குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500 விரும்பத்தக்க வரம்பாக 500 என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை என்றும் அனுமதிக்கிறது. நாமோ மீட்டரில் 30, 40 என்று வந்தால்தான் திருப்தி அடைகிறோம். இதற்காக நல்ல தண்ணீரையும் ஆர்.ஓ. சவ்வில் தள்ளி, அதிலுள்ள தாதுக்களைக் கழித்துவிட்டு, குடிக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் சாக்கடைக்குப் போகும் பங்கை வேறு கொடுக்கிறோம். வீட்டுக் கருவிகளில் இந்த இழப்பு குடிக்கும் நீரைவிட அதிகம். டி.டி.எஸ். 500க்குக் குறைவான இடங்களில் ஆர்.ஓ. கருவிகளைத் தடுக்க வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் சொன்னதும், அடைத்து விற்கும் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே காலத்தில் விதி கொண்டுவந்ததும் இந்தப் பின்னணியில்தான்.

நாக்கை நம்பக் கூடாது என்பதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவானது, நாக்கு என்பது தலைமுறை அனுபவம் என்ற வாதம். ‘நல்ல தண்ணிக் கிணறு’ எது, ‘உப்புத் தண்ணிக் கிணறு’ எது என்று ஆய்வகம் வருவதற்கு முன்பே ஊர் பிரித்து வைத்திருந்தது. மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் ஏறுவதைக் கருவிகள் உறுதி செய்யும் முன்னே, வாயில் ஊற்றிக்கொண்டவர்களுக்கு அது தெரிந்திருக்கும். 1969இல் கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் வரை வந்திருந்த உவர்நீர், பிறகு இன்னும் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. இதை ஒப்புக்கொள்ள எனக்குத் தடையில்லை. நாக்கு உப்புக்குச் சிறந்த சாட்சி. அந்த ஒரு வழக்கில் அதன் சொல்லை ஏற்கலாம். ஆனால் நல்ல தண்ணிக் கிணறு என்று நம் பாட்டிமார் பெயர் வைத்த காலத்தில் ஊரைச் சுற்றி உருக்காலை இல்லை, வயலில் யூரியா இல்லை, கிணற்றுக்குப் பத்தடியில் கழிப்பறைக் குழி இல்லை. அன்றைய தண்ணீருக்கு இருந்த பெரிய குறை உப்பு. அதைக் கண்டுபிடிக்க நாக்கு போதுமானதாக இருந்தது. குற்றவாளிகள் மாறிவிட்ட பிறகும் பழைய சாட்சியை மட்டும் கூண்டில் ஏற்றிக்கொண்டிருப்பது விவேகம் ஆகாது.

ஆர்.ஓ. இல்லாமல் கடலோரத்தில் வாழவே முடியாது என்பது அடுத்த வாதம். மீஞ்சூர், பழவேற்காடு போன்ற இடங்களுக்கு அது சரி. உவர்நீரைக் குடிநீராக்க வேறு எளிய வழி இல்லை. தேவை உள்ள இடத்தில் ஆர்.ஓ. மருந்து, தேவை இல்லாத இடத்தில் அது வெறும் பழக்கம். எது எந்த இடம் என்று பிரித்துச் சொல்ல ஆய்வக எண் வேண்டும் என்பதே என் கட்சி. கேன் தண்ணீருக்குத்தான் அரசு முத்திரை இருக்கிறதே என்பது மூன்றாவது வாதம். அடைத்து விற்கும் குடிநீருக்குக் கட்டாயமாக இருந்த ஐ.எஸ்.ஐ. சான்றிதழ் 2024 அக்டோபரில் விலக்கப்பட்டது. அடுத்த மாதமே அந்தத் தண்ணீரை அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்து, ஆய்வைக் கடுமையாக்குவதாக உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. ஒரு கையால் தளர்த்தி மறு கையால் இறுக்கிய இந்த ஏற்பாட்டில், இன்று நம் வீட்டுக்கு வந்த கேன் எப்போது சோதிக்கப்பட்டது, முடிவு என்ன என்பது வாங்குகிறவருக்கு எட்டுவதில்லை. அவர் பார்ப்பது மூடியின் நிறம், ஒட்டியிருக்கும் சீட்டு, போடும் பையனின் முகம். பெயர்ச்சீட்டைப் பார்த்து ஒயினுக்கு மதிப்பெண் போட்டவர்களிடமிருந்து நாம் வேறுபடவில்லை. நிலத்தடி நீரை உறிஞ்சும் கேன் ஆலைகளில் அனுமதி இல்லாதவற்றை மூட 2020இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, உற்பத்தியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மாற்றுத் தண்ணீர் எது என்று தெரியாமல் மக்கள் தவித்தார்கள். குழாயில் வருவது குடிக்கத் தகுந்ததா என்று சொல்லும் ஒரு நம்பகமான பலகை தெருவில் இருந்திருந்தால் அந்தத் தவிப்பில் பாதியாவது குறைந்திருக்கும்.

எண்களை வெளியிட்டால் மக்கள் பயந்துவிடுவார்கள், புரிந்துகொள்ள மாட்டார்கள் என்று அதிகாரிகள் தரப்பில் சொல்வது உண்டு. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, ரத்த அழுத்தம் எவ்வளவு என்று டீக்கடையில் எண்ணோடு பேசுகிற மக்கள் இவர்கள். டி.டி.எஸ். என்ற மூன்றெழுத்தையே வாய்ப்பாடாக்கிக்கொண்டவர்களுக்கு இன்னும் நாலு எண்களைப் புரிந்துகொள்வது பெரிய காரியமா? பயத்தை வளர்ப்பது மௌனம். ஆய்வகம் இல்லை என்றும் சொல்ல முடியாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் இருக்கின்றன. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டி கொடுத்துப் பயிற்சி தர வேண்டும் என்பது விதி. சோதனை செய்கிறார்கள், முடிவு இணைய தளத்தில் ஏறுகிறது. குழாயடியில் நிற்பவருக்கு மட்டும் அது வந்து சேர்வதில்லை. பொது ஆய்வின் மீது நம்பிக்கை இல்லை என்பவர்களுக்கும் என் பதில் இதுதான். முடிவு சுவரில் எழுதப்பட்டால் யாரும் ஒரு பாட்டிலில் பிடித்துப் போய் வேறிடத்தில் சோதித்து ஒப்பிடலாம். பூட்டி வைத்த எண்ணை யாரும் கேள்வி கேட்க முடியாது.

ஆகவே கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. ஒவ்வொரு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் காலிலும் ஒரு பலகை வேண்டும். கடைசியாகச் சோதித்த தேதி, கிருமி இருக்கிறதா இல்லையா, மீதக் குளோரின், நைட்ரேட், புளோரைடு, கரைந்த உப்பு ஆகியவை அதில் இருக்கட்டும். பக்கத்திலேயே அனுமதிக்கப்பட்ட அளவையும் எழுதட்டும். சிப்காட், சிட்கோ வளாகங்களைச் சுற்றியுள்ள ஊர்களில் உலோகச் சோதனை முடிவும் சேர வேண்டும். கும்மிடிப்பூண்டியில் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் படிக்க இந்தியிலும் ஒடியாவிலும் இரண்டு வரி எழுதுவதில் யாருக்கும் நட்டம் இல்லை. அதே எண்கள் கேன்மீதும், ஆலையின் வாசலிலும் இருக்கட்டும். அதற்குப் பிறகு எந்தத் தண்ணீர் தித்திக்கிறது, எது சப்பென்றிருக்கிறது என்று நாக்குக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்துக்கொள்வது அவரவர் உரிமை. இந்த வரிசையை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஐ.எஸ். 10500 தரநிலையின் அட்டவணையில் சுவை என்ற வரிக்கு நேரே ஒரு குறிப்பு இருக்கிறது: தண்ணீர் பாதுகாப்பானது என்று உறுதியான பிறகே அதைச் சுவைத்துச் சோதிக்க வேண்டும்.